விலக்குரிமை என்றால் விடுதலை அல்ல: போர்க்குற்றச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டுத் தலைவர் மீது பிடிவாரண்ட் என்று செய்தி வந்தால் போதும். "பதவியில் இருப்பவரை யாரும் தொட முடியாது" என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். "போர்க்குற்றம் என்றால் விலக்குரிமையே கிடையாது" என்று இன்னொரு பக்கம். விலக்குரிமை என்பது, பதவி காரணமாக வெளிநாட்டு நீதிமன்றத்தின் கைதிலிருந்தும் விசாரணையிலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பு. யார், எந்தப் பதவியில், எந்த நீதிமன்றத்தின் முன்னால் என்று கேட்காமல் இரண்டில் எதையும் எழுதக்கூடாது.

2000 ஏப்ரலில் பெல்ஜிய விசாரணை நீதிபதி ஒருவர், காங்கோ ஜனநாயகக் குடியரசின் வெளியுறவு அமைச்சர் யெரோதியா மீது பிடிவாரண்ட் பிறப்பித்தார். 1998 ஆகஸ்டில் அவர் பேசிய பேச்சு துட்சி இன மக்கள் மீது வெறுப்பைத் தூண்டியது என்பது குற்றச்சாட்டு. காங்கோ ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2002 பிப்ரவரி 14 அன்று தீர்ப்பு வந்தது: பதவியில் இருக்கும் வெளியுறவு அமைச்சரை, குற்றம் எவ்வளவு கொடியதானாலும், இன்னொரு நாட்டு நீதிமன்றம் கைது செய்ய முடியாது, வாரண்டை பெல்ஜியம் ரத்து செய்ய வேண்டும். அதற்குள் அவர் அமைச்சராகவே இல்லை என்பது தனிக்கதை.

இதை "நிரபராதி என்று விட்டுவிட்டார்கள்" என்று எழுதுவதுதான் பெரிய தவறு. குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சே அங்கு வரவில்லை. சொந்த நாட்டிலேயே விசாரிக்கலாம், அவரது அரசே விலக்குரிமையைக் கைவிடலாம், அதிகாரம் பெற்ற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பதவி போன பிறகு வெளிநாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம். ஆனால் பதவிக்கு முன்னும் பின்னும் செய்தவை, பதவியில் இருந்தபோது தனிப்பட்ட முறையில் செய்தவை ஆகியவற்றுக்கு மட்டும்.

அப்படியானால் பதவியில் இருந்தபோது நடத்திய சித்திரவதை அரசுப் பணியா, தனிச்செயலா? சண்டையே இங்கேதான். 1998 அக்டோபரில் லண்டனில் கைதான சிலியின் முன்னாள் அதிபர் பினோசெட்டுக்கு, சித்திரவதைக் குற்றத்தில் விலக்குரிமை இல்லை என்று 1999 மார்ச்சில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. அதுவும் 1988 கடைசிக்குப் பிந்தைய குற்றங்களுக்குத்தான். 2000 மார்ச்சில் அவர் ஊர் திரும்பியது உடல்நிலையைக் காரணம் காட்டித்தான். விலக்குரிமையால் என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லா அதிகாரிகளுக்கும் இந்த முழுப் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பதும் தவறு. நாட்டுத் தலைவர் (அதிபர், மன்னர் போன்றவர்), அரசாங்கத் தலைவர் (பிரதமர் போன்றவர்), வெளியுறவு அமைச்சர், இந்த மூவருக்குத்தான் அது உறுதியானது.

அப்புறம், ஹேக்கில் இருக்கும் இரண்டு நீதிமன்றங்களைக் குழப்புவது. நாடுகளின் வழக்கைக் கேட்பது சர்வதேச நீதிமன்றம். தனிமனிதர்களை விசாரிப்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். பின்னதன் சட்டம் 27ஆம் பிரிவில் பதவியைப் பொருட்டாகவே எடுப்பதில்லை. ஆனால் அதற்கென்று போலீஸ் கிடையாது. 2015 ஜூனில், அந்த நீதிமன்றத்தின் பிடிவாரண்ட் இருந்த சூடானின் அப்போதைய அதிபர் அல் பஷீர், தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க்கில் நடந்த மாநாட்டுக்கு வந்தார். அவரை வெளியே விடக்கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்திலிருந்து அவர் விமானம் கிளம்பிவிட்டது. வாரண்ட் அன்றும் செல்லுபடியாகத்தான் இருந்தது.