வட்டாரக் குளிரூட்டல்: திரும்பி வரும் தண்ணீரைக் கவனியுங்கள்

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாகச் சில்லரோ (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) பாய்லரோ (சுடவைக்கும் கொதிகலன்) வைக்காமல், ஓரிடத்தில் தண்ணீரைக் குளிரவைத்தோ சுடவைத்தோ நிலத்தடிக் குழாய்களில் வட்டாரம் முழுக்க அனுப்பும் முறை பரவிக்கொண்டிருக்கிறது. கோபன்ஹேகனில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளுக்கும் வெப்பம் இப்படித்தான் வருகிறது. சிங்கப்பூர் மரீனா பேயில் 2006 முதல் குளிர்நீர் ஓடுகிறது. டொராண்டோவில் 2004 முதல், ஒன்டாரியோ ஏரியின் 83 மீட்டர் ஆழத்து நீரின் குளிர்ச்சி நகர மையத்துக்குப் போகிறது. குஜராத்தின் புதிய நிதி நகரமான கிஃப்ட் சிட்டியிலும் இது வந்துவிட்டது. நிலக்கரியையும் எரிவாயுவையும் கைவிட நினைக்கும் நகரங்களுக்கு இது அருமையான வழி. அதனாலேயே, தவிர்க்கக்கூடிய தவறுகளால் இது கெட்டுப்போவது வேதனை தருகிறது.

பெரிய தவறு, பணத்தையும் கவனத்தையும் தண்ணீரைக் குளிரவைக்கும் மைய நிலையத்திலேயே கொட்டிவிட்டு, எதிர்முனையில் இருக்கும் கட்டடங்களை மறந்துவிடுவது. 5 டிகிரியில் போகும் நீர், கட்டடத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 13 டிகிரியில் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8. அது 9 டிகிரியிலேயே திரும்பிவிட்டால் வித்தியாசம் 4தான். அதே குளிர்ச்சியைத் தர இரண்டு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். அதே குழாயில் ஓட்டம் இரட்டித்தால் பம்ப் இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு வரை ஏறும். பாதிச் சுமையிலேயே நிலையம் நிரம்பிவிட்டது போலத் தெரியும். உடனே இன்னொரு சில்லர் வாங்குவார்கள். அது தேவையே இல்லை.

நோய் கட்டடத்துக்குள் இருக்கிறது. பழைய த்ரீ-வே வால்வுகள் (மூன்று வழி வால்வுகள்), அறைக் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான காயிலைத் தொடாமலே குளிர்நீரைத் திருப்பி அனுப்பும். காயிலில் அழுக்கு படிந்திருக்கும். அறை வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டை 18 டிகிரிக்கு இறக்கிவிட்டால் வால்வு எந்நேரமும் முழுசாகத் திறந்தே கிடக்கும். டென்மார்க்கில் பல வெப்ப நிறுவனங்கள் இதைக் கட்டணத்திலேயே கட்டிப்போட்டிருக்கின்றன: வெந்நீரை நன்றாக ஆறவைத்துத் திருப்பி அனுப்புகிறவருக்குத் தள்ளுபடி, சூடாகவே அனுப்புகிறவருக்குக் கூடுதல் கட்டணம். இப்படி ஒரு விதியை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் சேர்ப்பது மிகக் கடினம்.

வெப்ப வலையமைப்புகளில் இதற்கு நெருக்கமான இன்னொரு தவறு உண்டு. நிலக்கரி பாய்லரை எடுத்துவிட்டு, மின்சாரத்தால் மிதமான வெப்பத்தை உயர்த்தித் தரும் ஹீட் பம்ப் வைப்பார்கள். ஆனால் பழையபடி 100 டிகிரியை ஒட்டிய நீரையே கேட்பார்கள். வெப்பநிலை உயர உயர ஹீட் பம்ப்பின் திறன் விழும், மின் கட்டணம் ஏறும். முதலில் வீடுகளில் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்பையும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களையும் சரிசெய்தால் 60 டிகிரியே போதுமானதாகிவிடும். டேட்டா சென்டர், கழிவுநீர் போன்றவற்றின் மிதமான வெப்பமும் அப்போதுதான் எளிதாகப் பயன்படும்.

எல்லாக் கட்டடங்களின் உச்சத் தேவையையும் அப்படியே கூட்டி நிலையத்தின் அளவை முடிவுசெய்வதும் தவறு. அலுவலகத்துக்கு மதியம் உச்சம், குடியிருப்புக்கு இரவில். அந்த நேர வித்தியாசம்தான் இந்த முறையின் லாபமே. இருபது வருடம் கழித்து வரப்போகும் கட்டடங்களுக்கும் சேர்த்து முதல் நாளே கட்டினால், அந்தச் செலவு முதலில் சேர்ந்தவர்கள் தலையில் விழும். குழாயைப் பெரிதாகப் போடலாம், இயந்திரங்களைப் படிப்படியாகச் சேர்க்கலாம்.

மீட்டர் இல்லாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று வசூலிக்கவே வேண்டாம். சோவியத் காலத்து அடுக்குமாடிகளில் மீட்டரும் கிடையாது, வெப்பத்தைக் குறைக்க வால்வும் கிடையாது. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் அறையை ஆறவைத்தார்கள்.

கடைசியாக, ஒரே வெப்ப மூலத்தை நம்பிவிடுவது. கோபன்ஹேகனின் அமாகர் பாக்கே குப்பை எரிப்பு நிலையம் நவீனமானதுதான். ஆனால் உள்ளூர்க் குப்பை போதாமல் வெளிநாட்டிலிருந்தும் வரவழைத்திருக்கிறது. குப்பையில் பிளாஸ்டிக் இருப்பதால் கார்பனும் வெளியேறுகிறது. அந்தக் கார்பனைப் பிடிக்கும் திட்டத்துக்கு நிதி கிடைக்காததால், 2025க்குள் கார்பன் சமநிலை என்ற இலக்கை எட்ட முடியாது என்று நகரம் 2022இல் அறிவித்தது. குழாய்கள் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் இருக்கும். டேட்டா சென்டரோ தொழிற்சாலையோ நடுவில் மூடப்படலாம். வெப்பம் தருகிறவரோடு எத்தனை வருட ஒப்பந்தம், அவர் நிறுத்திவிட்டால் அடுத்த நாள் வெப்பம் எங்கிருந்து வரும் என்பதைக் குழி தோண்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.