டெக்சாஸில் வீட்டு வரி: விற்பவரின் பில்லை நம்பி கணக்குப் போடாதீர்கள்

டாலஸ் பக்கம் வீடு பார்க்கும் தம்பி, தங்கைகள் எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் 'போன வருட வரி' என்று ஒரு தொகை இருக்கும். "கம்மியாத்தானே இருக்கு அக்கா?" என்பார்கள். அது விற்பவரின் வரி. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு இங்கே வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் அந்த வரம்பு போய், மறு ஜனவரி 1-ல் மதிப்பு சந்தை விலைக்கே வந்துவிடும். விற்பவர் 65 வயதைத் தாண்டியவர் என்றால் அவருடைய பள்ளி வரி (வீட்டு வரியில் பள்ளி மாவட்டத்துக்குப் போகும் பங்கு) ஏறாமல் அப்படியே நின்றிருக்கும். புது வீடாக இருந்தால், போன வருட பில் வெறும் மனைக்குப் போட்டதாகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வரிக்காக வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அலுவலகத்தின் தளத்துக்குப் போங்கள். பிளேனோ என்றால் பெரும்பாலும் காலின் கவுண்டி. முகவரியைத் தட்டினால் போதும், பணம் கட்ட வேண்டாம். சந்தை மதிப்பு, வரி மதிப்பு, விற்பவருக்கு இருக்கும் விலக்குகள், எந்தெந்த அமைப்பு வரி போடுகிறது என்ற பட்டியல், எல்லாம் அங்கேயே இருக்கும்.

அப்புறம்தான் இணையத்தில் இருக்கும் வீட்டு வரி கால்குலேட்டர். இலவசமாக நிறைய கிடைக்கின்றன. ஆனால் பள்ளி வரிக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வரி மதிப்பில் கழிக்கும் தொகை) எவ்வளவு என்று வைத்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 2022-ல் 40,000 டாலர், 2023-ல் 1 லட்சம், 2025 முதல் 1,40,000. பழைய எண் இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்த 1,40,000-ஐ எல்லா வரியிலும் கழிக்கிறதா என்றும் பாருங்கள். அது பள்ளி வரிக்கு மட்டும். பிளேனோ நகரம் தன் வரியில் 20 சதவீதம், காலின் கவுண்டி 5 சதவீதம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக விலக்கு தருகின்றன.

5 லட்சம் டாலர் வீடு, பள்ளி விகிதம் 100 டாலருக்கு 1.04 என்று வைத்துக்கொள்வோம். 1,40,000 போக மீதி 3,60,000. வரி 3,744 டாலர். விலக்கு இல்லாவிட்டால் 5,200. நகர விகிதம் 0.42 என்றால் 4 லட்சத்துக்கு 1,680. கவுண்டி 0.15 என்றால் 4,75,000-க்கு 712 சொச்சம். இப்படி ஒவ்வொரு வரியாகப் போட விடும் கால்குலேட்டர்தான் உருப்படியானது. இல்லாவிட்டால் எக்செல் இருக்கவே இருக்கிறது.

புறநகரில் புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் 'மட்' எனப்படும் தண்ணீர், சாக்கடை வசதிக்கான மாவட்ட வரி தனியாக வரும். 'பிட்' எனப்படும் பொது மேம்பாட்டு மாவட்டக் கட்டணம் வரி விகிதத்தில் சேராது என்பதால் கால்குலேட்டரில் பெரும்பாலும் தெரியாது. பில்டரிடம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கால்குலேட்டர் காட்டும் விலக்கு தானாக வராது. குடிபோனதும் டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றி, ஹோம்ஸ்டெட் விலக்குக்கான 50-114 படிவத்தை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்புங்கள். குடியுரிமை இல்லையே என்று ஹெச்1பி-காரர்கள் தயங்க வேண்டாம், அது நிபந்தனையே அல்ல. பழைய உரிமையாளர் அந்த வருடத்துக்கு விலக்கு வாங்கவில்லை என்றால் வாங்கிய வருடமே உங்களுக்குக் கிடைக்கும். "நாங்களே விண்ணப்பித்துத் தருகிறோம்" என்று காசு கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். இந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது.