"எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை சொன்னால் நாம் செய்யும் தவறுகள்

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் நோட்டை மூடிவைத்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது அத்தை" என்றாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு இன்ட்டு.

இந்த இடத்தில் பெரியவர்கள் பலரும் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடுகிறோம். "எனக்கும் சின்ன வயசில் வராதும்மா, விடு. நீதான் படம் அழகாக வரையிறியே!" பாசத்தோடு சொல்வதுதான். ஆனால் தன்னால் முடியாது என்று அத்தையும் முடிவு கட்டிவிட்டாள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். வராது என்று ஆனபிறகு எதற்காக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்?

நன்றாகச் செய்யும்போது "நீ மூளைக்காரி" என்று கொண்டாடுவதிலும் ஆபத்து இருக்கிறது. கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரைப் புத்திசாலி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அப்புறம் கடினமான புதிர்கள் வந்தன, எல்லோரும் தடுமாறினார்கள். அதற்குப் பிறகு முன்போலவே எளிதானவை கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். வேறு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். என் மனதில் தைத்தது இதுதான். கிடைத்த பட்டத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, உழைப்பைப் பாராட்டிவிட்டால் போதுமா? "இன்னும் முயற்சி பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் தவறுதான். என் அண்ணன் மகள் முயன்றுதான் 2/5 எழுதினாள். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அதே வழியில் இன்னும் 20 கணக்கு போட்டால் தப்புதான் கைக்குப் பழகும்.

கட்டம் போட்ட நோட்டில் 10 கட்டம் எடுத்தோம். பாதிக்கு 5 கட்டம். ஐந்தில் இரண்டுக்கு 4 கட்டம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அரையோட இன்னொண்ணையும் சேர்த்தோமே, எப்படி அத்தை குறைஞ்சுது?" என்று கேட்டாள். பிறகு 6 கட்டம் எடுத்தோம். பாதி 3, மூன்றில் ஒன்று 2, ஆக 6க்கு 5. வராது என்ற சொல்லை நான் மறுத்துப் பேசவே இல்லை.

மனப்பான்மையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புவதும் சரியில்லை. 2019இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் பாதிப் பேருக்கு, திறமை வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண் சராசரி, சுமார் 4 புள்ளி அளவுகோலில் 0.1தான் உயர்ந்தது. அவ்வளவு சின்னப் பயிற்சிக்கு அது நல்ல பலன்தான். ஆனால் எங்கே தப்பு நடந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆளின் வேலையை அது செய்துவிடாது.

மறுநாள் கால் (1/4), ஐந்தில் ஒன்று இரண்டையும் கூட்டச் சொன்னேன். 2/20 என்று எழுதினாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இது காலைவிடக் குறைச்சல்" என்று முனகிக்கொண்டே ரப்பரைத் தேடினாள்.