கிடாத் தோலை வீட்டிலேயே பதனிடும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் முனியாண்டிப் படையலுக்கு வெட்டும் கிடாவின் தோல் பல சமயம் குப்பைக்குத்தான் போகிறது. படிக்காரமும் உப்பும் இருந்தால் மயிரோடு அழகான விரிப்பாக்கலாம்.

உரிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: கத்தியைக் குறைத்து, முஷ்டியால் தள்ளி உரிக்க வேண்டும். கீறல் விழுந்த இடம் பிறகு இழுக்கும்போது கிழியும்.

நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உப்பு ஏறியாக வேண்டும். தாமதித்தால் மயிர்க்கால் அழுகி, பிறகு என்ன செய்தாலும் மயிர் கொத்தாகக் கையோடு வரும். இரண்டு கிலோ தோலுக்கு ஒன்றரை கிலோ பொடியுப்பு. சதைப் பக்கம், ஓரம், மடிப்பு எல்லாம் தேயுங்கள். நீர் வடிய, நிழலில் சரிவாகப் பலகையில் போடுங்கள். மறுநாள் பழைய உப்பை உதறிப் புதிது போட்டு இன்னொரு நாள் விடுங்கள்.

பிறகு தண்ணீரை மாற்றி மாற்றிச் சில மணி நேரம் ஊறவைத்து, சோப்புத் தூளால் அலசுங்கள். செம்மறித் தோலில் கொழுப்பு அதிகம், அதை இருமுறை அலச வேண்டும். பிவிசி குழாய்மேல் போர்த்தி, மழுங்கிய கத்தியால் சதையையும் மெல்லிய சவ்வையும் சுரண்டுங்கள். சவ்வு மிஞ்சினால் அங்கே படிக்காரம் இறங்காது; காய்ந்ததும் அட்டையாக நிற்கும்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ படிக்காரம் (மலாய்க் கடையில் தாவாஸ்), அரை கிலோ உப்பு. சூடான நீரில் கரைத்து, நன்றாக ஆறிய பிறகே தோலை இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு பட்டால் கறை ஏறும். தினமும் இருமுறை புரட்டி, நான்கைந்து நாள் வையுங்கள். கழுத்தோரம் தோல் தடித்தது, அங்கே சிறு துண்டு வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் சரி. நடுவில் கண்ணாடி மாதிரி கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

வெளியே எடுத்து ஒரே ஒரு முறை அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டு முட்டை மஞ்சள் கருவையும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயையும் வெதுவெதுப்பான நீரில் அடித்துச் சதைப் பக்கம் பூசுங்கள்.

மென்மை வருவது அடுத்த வேலையில்தான். பாதி காய்ந்ததும் நாற்காலி முதுகின் விளிம்பில் போட்டு இருபுறமும் பலமாக இழுங்கள். இழுத்த இடம் பளிச்சென்று வெளுக்கும். முழுதும் காயும்வரை விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்து விறைத்துவிட்டால், ஈரத்துணியில் சுற்றி இளக்கி மீண்டும் இழுக்கலாம். கை வலிக்கும், ஆனால் குறுக்குவழி இல்லை.

உருமி மேளத்துக்கு இது ஆகாது. அதற்கு விறைப்பான பச்சைத் தோல் வேண்டும். விரிப்பைத் தண்ணீரில் துவைக்காதீர்கள், படிக்காரம் கழன்று தோல் பழையபடி கெட்டியாகிவிடும். அழுக்கை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டால் போதும்.