அரோரா அலர்ட்: கே.பி. எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்

நார்வே, கனடா போன்ற வடக்கு நாடுகளுக்குக் குடிவந்தவர்கள் முதல் குளிர்காலத்திலேயே, இரவு வானில் ஆடும் வண்ண ஒளியான அரோரா தெரியும்போது அலர்ட் தரும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுவிடுகிறார்கள். நோட்டிஃபிகேஷனைத் திறந்து, லொகேஷன் அனுமதியை 'எப்போதும்' என்று வைத்தால் வேலை முடிந்தது. அடுத்து எந்த கே.பி. எண்ணில் அலர்ட் அடிக்க வேண்டும் என்று கேட்கும். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் எண் அது. நார்வேயின் ட்ரோம்சோ, கனடாவின் யெல்லோநைஃப் போன்ற ஊர்களுக்கு கே.பி. 2 போதும். அங்கே 5 என்று விட்டுவைத்தால் நல்ல இரவுகள் பல சத்தமில்லாமல் போய்விடும். லண்டன், டொராண்டோ பக்கம் 7-ஐ நெருங்கினால்தான் நம்பிக்கை வைக்கலாம்.

பலரும் ஏமாறுவது இந்த கே.பி. எண்ணில்தான். உலகின் பல இடங்களிலுள்ள காந்தமானிகளின் அளவைத் திரட்டி, 3 மணி நேரத்துக்கு ஒரு எண்ணாகச் சொல்வது அது. வானம் கொழுந்துவிட்டு ஆடும் உச்சமோ சில இரவுகளில் 10, 20 நிமிடத்தில் அடங்கிவிடும். அலர்ட் பார்த்துக் கோட்டு மாட்டி வெளியே வருவதற்குள் வெளிறிய மங்கல்தான் மிச்சமிருக்கும். எத்தனை பேர் இப்படியே ஒரு குளிர்காலத்தைத் தொலைக்கிறார்கள்!

பார்க்க வேண்டியது பி.இசட். சூரியக் காற்றோடு, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களோடு, வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியிருக்கிறதா, தெற்கு நோக்கியா என்பதைச் சொல்லும் அளவு. மைனஸில் இருந்தால் தெற்கு. அப்போதுதான் பூமியின் காந்தப்புலத்துக்குள் ஆற்றல் எளிதாக நுழையும். மைனஸ் 5 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) கீழே அரை மணி நேரம் நிலைத்தால் கிளம்பத் தயாராகுங்கள். கே.பி. எவ்வளவு காட்டினாலும் பி.இசட். பிளஸ்ஸிலேயே நின்றால் ஆட்டம் சீக்கிரம் தணிந்துவிடும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கம் நிற்கும் விண்கலங்கள் இதை அளக்கின்றன. சூரியக் காற்றின் வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டர் என்றால், அது பூமியை அடைவதற்குள் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். 700 என்றால் 35 நிமிடம்தான்.

இவ்வளவும் சரியாக வைத்துவிட்டு, இரவில் போனைத் தூக்க முறையில் போட்டால் எல்லாம் வீண். நல்ல ஆட்டம் பெரும்பாலும் இரவு 10 முதல் 2 மணிக்குள்தான். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனத்திலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள்.

மேகத்தை இந்த எண்கள் எதுவும் சொல்லாது, தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் தெருவிளக்கு இல்லாத பக்கம் போய், போனை அசையாமல் ஊன்றி, நைட் மோடில் 3 நொடி வடக்கே ஒரு படம் எடுங்கள். கண்ணுக்கு வெள்ளை மேகமாகத் தெரிவது படத்தில் பச்சையாக விழுந்தால் நில்லுங்கள், அது அரோராதான். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும்.