குட்டிக் கோட்டைச் சுவருக்குக் கல் நிறம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோமில் கோட்டைச் சுவர் செதுக்கும் புதியவர்களுக்குக் கை நன்றாகவே வருகிறது. கல் வரிசை ஒழுங்காக விழுகிறது, மூலைக்கற்கள் மாறி மாறி உட்காருகின்றன. கெடுவதெல்லாம் வண்ணம் தொட்ட பிறகுதான். பிரஷ் கழுவாமல் விடுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை.

‘அக்ரிலிக்’ ஸ்ப்ரேயை நம்புவது

இதைப் பார்க்கும்போதுதான் பொறுமை போகிறது. எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான ஃபோம் பலகை, தெர்மாகோல் இரண்டுமே பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். ஸ்ப்ரே டப்பாவில் உள்ள ‘அக்ரிலிக்’ என்பது நிறத்தைப் பிடித்து நிறுத்தும் பிசின். அந்தப் பிசினைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் அசிட்டோன் போன்ற கரைப்பான். அது பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.

“ஃபெவிகால் ஒரு கோட் பூசியிருக்கிறதே” என்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். கல்லின் சொரசொரப்புக்காக அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி ஃபோமில் அழுத்துவோம் அல்லவா? அந்தச் சிறு குழிகளின் அடிக்கும், ஜன்னல் பொந்தின் உள்விளிம்புக்கும் பசை போவதில்லை, ஸ்ப்ரே போய்விடும். மேலே பசைத்தோல் அப்படியே இருக்க, உள்ளே ஃபோம் குழிந்துவிடும். விரல் வைத்தால்தான் தெரியும். இப்படி ஒரு கோபுரத்தையே இழந்தவர்கள், அதே டப்பாவோடு வந்து “இன்னும் தள்ளி நின்று அடிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். வேண்டாம்.

ஃபெவிகால் 3 பங்கு, கறுப்பு அக்ரிலிக் 1 பங்கு, கொஞ்சம் தண்ணீர். பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூசுங்கள். கறுப்பு கலந்திருப்பதால் விட்டுப்போன இடம் கண்ணில் படும். இரண்டு கோட், நடுவில் ஓர் இரவு காய விடுங்கள். கெட்டியாகப் பூசினால் 1 மி.மீ. சாந்துக் கோடுகள் அடைபட்டுவிடும். இதுவே பிரைமர், இதற்கு மேல் ஸ்ப்ரே தேவையில்லை.

கரைந்த இடத்தைப் புட்டி வைத்து நிரப்பாதீர்கள். சுற்றியுள்ள கற்களின் விளிம்பும் மழுங்கியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு பொருத்துவதே நல்லது.

எல்லாக் கல்லுக்கும் ஒரே சாம்பல்

கோட்டை என்றாலே சாம்பல் என்று யார் சொன்னது? இங்கிலாந்தின் போடியம் கோட்டை (1385) மணற்கல். வெயிலில் பழுப்பும் மஞ்சளுமாகத் தெரியும். வேல்ஸின் கார்னார்வன் சுவரில் வேறு நிறக் கற்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. லண்டன் கோபுரத்தின் நடுக்கட்டடத்துக்கு 1240-இல் மூன்றாம் ஹென்றி வெள்ளையடிக்கச் சொன்னார். எந்த ஊர்க் கல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சாம்பல் கல்தான் வேண்டுமென்றாலும் அதில் கொஞ்சம் பழுப்பு கலந்துகொள்ளுங்கள். அடி நிறம் காய்ந்ததும் ஏழெட்டுக் கல்லுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து காவி, பச்சைச் சாம்பல், நீலச் சாம்பல் என்று தனித்தனியாகத் தீட்டுங்கள். ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது. தீட்டியதும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டிரை பிரஷ் (பெயின்ட்டைத் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் லேசாகத் தேய்ப்பது) அடித்ததும் அடங்கிவிடும்.

டிரை பிரஷ்ஷில் தூய வெள்ளை

சுண்ணாம்புப் பொடி தூவியது போலாகும். கிரீம் நிறம் போதும்.

சுவரை நிறுத்தி வைத்து வாஷ் விடுவது

வாஷ் என்பது தண்ணீராகக் கரைத்த பெயின்ட், சாந்துக் கோடுகளுக்குள் இறங்கி நிழல் காட்டும். சுவர் நின்றிருந்தால் அது வழிந்து அடியில் தேங்கி, காய்ந்ததும் வளையக் கறை போடும். சுவரைப் படுக்க வையுங்கள். பெயின்ட் 1 பங்குக்குத் தண்ணீர் 8 முதல் 10 பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் வாஷ் சாந்துக் கோட்டுக்குள் இறங்காமல் கல்லின் முகத்திலேயே நிற்கும். தேங்கியதை டிஷ்யூ நுனியால் ஒற்றியெடுங்கள். கறுப்பு மட்டும் வேண்டாம். பாதி பழுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கும் பாசி

ஈரம் நிற்கும் இடத்தில் மட்டும்: சுவரின் அடி, நிழல் விழும் பக்கம், தண்ணீர் வழியும் துளைக்குக் கீழே.

மழைநாளில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே

காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளை பூக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷே பாதுகாப்பு.