கத்திரி வெயிலில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேலூரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், குழந்தை இருக்கிற எந்த வீட்டுக்கு நான் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். "வெயில் இந்தக் காய் காயுது நர்ஸம்மா, பிள்ளைக்கு நாக்கு வறளாதா, ஒரு பாலாடை தண்ணிதானே?" கேட்பது பெரும்பாலும் பாட்டிகள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு உரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம், வெயில் 42 டிகிரியைத் தொட்டாலும் வேண்டாம்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். தாகம் எடுத்த குழந்தை பால் குடித்தாலே தாகம் அடங்கிவிடும். தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை பாலைக் குறைவாகச் சப்பும், சப்புவது குறைந்தால் தாய்க்குச் சுரப்பதும் குறையும். பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் அதிகத் தண்ணீரைத் தாங்காது, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். கழுவாத பாலாடையாலும் சங்காலும் வரும் வயிற்றுப்போக்கு வேறு இருக்கிறது. டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பவர்களும் டப்பாவில் உள்ள அளவுப்படியே கலக்குங்கள், வெயிலுக்காகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

குழந்தை சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மே மாதத்தில் இன்னும் அடிக்கடி கேட்கும், கொஞ்ச நேரம் குடித்துவிட்டு விட்டுவிடும், அரை மணியில் மறுபடி அழும். இங்கேதான் பல வீடுகளில் "பால் பத்தலை" என்று முடிவுகட்டிப் பவுடர் டப்பா வாங்கி வந்துவிடுகிறார்கள். அது தாகத்துக்கான குடி, கேட்கிறபோதெல்லாம் கொடுங்கள், ராத்திரியிலும்.

பால் போதுகிறதா என்று தெரிய மூத்திரத்தை எண்ணுங்கள். பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது, வெளிர் நிறத்தில் போனால் போதுகிறது என்று அர்த்தம். இதற்காகவே பகலில் டயபர் இல்லாமல் பருத்தித் துணி கட்டச் சொல்கிறேன், வேர்க்குருவும் குறையும்.

தண்ணீர் வேண்டியது தாய்க்கு. குடியாத்தம் பக்கம் ஷீட் போட்ட ஒரு வீட்டில், பிள்ளை பெற்று இருபது நாளான பெண்ணுக்கு "பச்சை உடம்பு, வயிறு ஊதிப்போகும்" என்று பகல் முழுக்க இரண்டே டம்ளர் கொடுத்து வைத்திருந்தார்கள். அவள் உதடு வெடித்திருந்தது. பத்தியம் என்ற பெயரில் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும், மோரும் கூழும் தாராளமாகக் குடிக்கலாம்.

அப்புறம் வீடு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையும் ஷீட் வீடும் மதியம் அடுப்பு மாதிரி ஆகிவிடும், காற்று வரும் கீழ் அறையிலோ நிழலான திண்ணையிலோ குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் போடலாம், நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் சரி. ஏசி என்றால் 26 டிகிரி போதும். ஏணையை மெல்லிய பருத்திப் புடவையில் கட்டுங்கள், நைலக்ஸ் வேண்டாம், குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும். குல்லாவும் கைகால் உறையும் இந்த வெயிலுக்குத் தேவையில்லை. கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் போர்த்தாதீர்கள், பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கே வேர்த்திருந்தால் துணி அதிகம். குளித்தபின் சாம்பிராணிப் புகையும் மூக்கில் காதில் எண்ணெய் விடுவதும் எந்தக் காலத்திலும் கூடாது.

தடுப்பூசியை மட்டும் வெயிலுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். 6, 10, 14 வாரங்களில் போடுவதில் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்தும் உண்டு, அந்த மருந்தைச் சோதித்த ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. தடுப்பூசி போடும் புதன்கிழமை காலையிலேயே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். வண்டியில் போகும்போது முகத்தை முழுசாகத் துணியால் மூடாதீர்கள், உள்ளே சூடு தங்கிவிடும். எடையையும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஏறாமல் நின்றால் கேளுங்கள். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவேண்டும், நான்கு மாதத்தில் தலை நிற்கவேண்டும். குப்புறப் போட்டு விளையாட விடுவதை வெயிலுக்கு முன், காலையில் செய்யுங்கள்.

எட்டு மணி நேரமாக மூத்திரம் இல்லை, உச்சிக்குழி உள்ளே வாங்கியிருக்கிறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, இதில் எது ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உடம்பு சுட்டால் துணியைத் தளர்த்தி, நிழலில் கால் மணி நேரம் வைத்துத் தெர்மாமீட்டரில் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அப்போதும் 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் நீங்களாக மருந்து கொடுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, எது கிட்டமோ அங்கே போங்கள். விழுங்குகிற நிலையில் குழந்தை இருந்தால் வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.